ஆறரை மணி மாணவன்

டேபிள் ஃபேனை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லாப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்து, "திஸ் இஸ் எ ஃபேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

பல்பு வாங்க வந்தவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். போனுக்குள்ளிருந்து என் மகள், "வெரி குட். வாட் கலர் இஸ் இட்?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்வதா, வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதா என்று தெரியாமல் ஃபேனோடு நின்றேன். வந்தவர் நல்ல மனிதர். "ப்ளூ சார். சொல்லிட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்" என்றார்.

சொன்னேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

இந்தத் தொடரில் போன வாரம், ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த எலெக்ட்ரிகல் கடைக்கு இடம் பிடித்த கதையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரலாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த வருஷங்களையெல்லாம் தள்ளிவிட்டு இந்த டேபிள் ஃபேன் முன்னால் வந்து நிற்கிறது. சரி, இந்த வாரம் இதுவே இருக்கட்டும்.

சரின்னு சொல்லு

பவித்ரா எங்களுக்கு ஒரே பெண். படித்து முடித்து நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் கேப் வரும், ஏறிப் போவாள். இருட்டியபிறகு வந்து இறங்குவாள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டேன் என்றாள். லாவோஸ் என்று ஒரு நாடாம். அங்கே மலை ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வாலண்டியராகப் போகிறாளாம். ஒரு வருஷம். தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பார்கள், சம்பளம் கிடையாது.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவி செல்வியிடம் சொன்னாள். சமையலறையில் பேசியது கூடத்தில் இருந்த எனக்கும் கேட்டது. ஆனாலும் செல்வி வெளியே வந்து ஒரு தடவை சொன்னாள்.

"சரின்னு சொல்லு" என்றேன்.

எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக அப்படித்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வண்டியின் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். செம்பாக்கம் ஏரிப் பக்கம் வரும்போது, "அப்பா, கொக்கு" என்பாள். "ஆமா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் அது போதுமானதாக இருந்தது. அவள் வளர வளர அந்தக் கொக்கும் போய்விட்டது. எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வாள். நானும் அவளுக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடமே சொல்வேன். சண்டையெல்லாம் கிடையாது. எனக்குப் பேச வராது, அவளுக்கு அது பழகிவிட்டது.

ஏர்போர்ட்டில் செல்வி அழுதாள். நான் தள்ளுவண்டியில் பெட்டி சரியாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். "பாத்துப் போ" என்றேன்.

போன புதிதில் அம்மாவோடுதான் பேசுவாள். கடைசியில் செல்வி போனை என் கையில் திணிப்பாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்பா. நீங்க?"

"சாப்டேன். இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

தெரியாத ஆள் ஒருவர் தேவை

ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஆபீஸ் விட்டு ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சும்மா நேரத்தில், என் போனில் அவள் பெயர் வந்தது. அவசரமாக எடுத்தேன்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா? அம்மாவுக்குப் போன் போகலியா?"

"உங்களுக்குத்தான்பா பண்ணேன்."

அவளுடைய கஷ்டம் இதுதான். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். நம்மைப் போலவே கை குவித்து வணக்கம் சொல்கிறார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. இவளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. இவள் பேசும் இங்கிலீஷ் நாவலூர் இங்கிலீஷ், வேகமாக ஓடுகிறது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாத ஒரு ஆள் வேணும்பா. நாளைக்கு நடத்தப்போற பாடத்த முதல்ல அவருக்கு நடத்திப் பாக்கணும். அவருக்குப் புரிஞ்சா பிள்ளைங்களுக்கும் புரியும். அம்மா வேணாம். அவங்களுக்குப் பாதி தெரியும், மீதிய சீரியல் பாக்கற மாதிரி யூகிச்சிடுவாங்க. நீங்கதான் கரெக்டான ஆளு."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சுருக்கென்று இருந்திருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னிடம் இருக்கிற ஒன்றை என் மகள் கேட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன.

இங்கே என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பத்தாவது வரை, தமிழ் மீடியம். எட்டாம் வகுப்பில் ஒருநாள் என்னை எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து யாராவது இங்கிலீஷில் பேசினால் என் தலை தானாகத் தரையைப் பார்க்கும். ஃபேன் கம்பெனி ரெப்ரசன்டேட்டிவ் வந்தால்கூட அப்படித்தான். அப்பேர்ப்பட்டவன் கல்லாவுக்கு முன்னால் எழுந்து நின்று, "குட் ஈவினிங் டீச்சர்" என்றேன்.

வகுப்பில் அப்பா கிடையாது. "மிஸ்டர் தனசேகர், சிட் டவுன்" என்பாள். தமிழ் ஒரு சொல்கூடக் கூடாது. கையால், முகத்தால், கையில் கிடைத்த பொருளால் புரியவைப்பாள். நான் புரியாமல் விழித்தால் அந்தப் பாடத்தை மாற்றுவாள். புரிந்தால் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டுவாள்.

பக்கத்தில் பாஷா பாயின் பஞ்சர் கடை. அவருக்கு எதுவும் தப்பாது.

"இன்னா மச்சான், ஃபேன்கிட்ட இங்கிலீஷ் பேசிகினு கீற? அதுக்குத் தமிழ் தெரியாதா?"

விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, போனைப் பார்த்துச் சொன்னார். "நம்ம பாப்பாவுக்கு ஒரு ஆளு போதாதும்மா. நானும் ஒண்ணும் தெரியாதவன்தான். என்னியும் சேத்துக்க."

இப்படியாக வகுப்பில் இரண்டு பேர் ஆனோம்.

ரெகுலேட்டர், ஹோல்டர், ட்யூப்லைட்

பாடம் நடத்தப் படம் வேண்டும், பொருள் வேண்டும். எங்களிடம் இருந்த பொருள் கடைச் சாமான்தான். "வாட் இஸ் திஸ்?" என்று அவள் கேட்பாள். நான் எட்டி எடுப்பதைக் காட்டுவேன். "திஸ் இஸ் எ ஸ்விட்ச்." "தட் இஸ் எ ஹோல்டர்." பெரிதுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம் சொல்ல ட்யூப்லைட்டும் ஜீரோ வாட்ஸ் பல்பும். எத்தனை என்று எண்ண டப்பாவிலிருந்த திருகாணி. எங்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. அதனால் அவளும் மறுநாள் அதையே படம் வரைந்து கொண்டுபோனாள்.

ஒரு மாதம் கழித்து அவளை அனுப்பிய சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்திருக்கிறார். பிள்ளைகளிடம், உங்கள் வகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். மேஜை, கரும்பலகை, ஜன்னல் என்று வரும் என்று எதிர்பார்த்திருப்பார். மொத்த வகுப்பும் கூரையில் தொங்கிய ஒற்றை பல்பைக் காட்டி, "ஹோல்டர்! ஒயர்! ஸ்விட்ச்!" என்று கத்தியிருக்கிறது. பல்பு எரியவில்லை. கடைசி வரிசையில் புன்மி என்று ஒரு பையன் எழுந்து, வந்தவருக்கு விளக்கம் சொல்வதுபோல, "ஃப்யூஸ்" என்று கையை விரித்தானாம். அது பாஷா பாய் பாடம்.

"மானமே போச்சுப்பா" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "ஃபேனே இல்லாத ஊர்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ரெகுலேட்டர் தெரியுது."

"பரவால்ல பாப்பா, நாள பின்ன கரன்ட் வேலைக்குப் போலாம்" என்றார் பாஷா.

வகுப்பு முடிந்து கொஞ்ச நேரம் அன்றைய நாளைச் சொல்வாள். அப்படித்தான் அந்த ஊர் எனக்குத் தெரிந்தது. காலையில் எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. பள்ளிக்கூட மணி என்பது பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு, மரத்தில் கட்டியிருக்கும். சின்ன மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்த ஒட்டுகிற சோறு, அதை உருட்டி உருட்டிக் கையால் சாப்பிட வேண்டும். அறுப்புக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள், டீச்சரும் கூடவே போவாள். நொய் என்று ஒரு சின்னப் பெண். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுவாள். காலையில் டீச்சரின் சைக்கிள் மணியை முதலில் அடிக்கும் உரிமை அவளுடையது.

பேசும்போதே பின்னால் தவளைச் சத்தம் கேட்கும். யாரோ எதையோ இடிக்கும் சத்தம். நான் பேச்சைக் கேட்பேனோ இல்லையோ, அந்தச் சத்தங்களைக் கேட்பேன்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனிலிருந்து சின்ன விமானம் ஒன்று கடைக்கு மேலே சுற்றும்போது, "பேசாதீங்கப்பா, பேசாதீங்க" என்பாள். அது போய் முடியும்வரை போனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். வேளச்சேரி ரோட்டில் பஸ் ஹாரன், கொத்துமல்லிக்காரர் கூவுவது, எல்லாம் போகும். "இப்ப பேசுங்க" என்பாள்.

பாடத்தில் சொன்னது

மழைக்காலத்தில் ஒருநாள் 'ஃபீலிங்ஸ்' பாடம். பாஷா அன்றைக்குக் கடை திறக்கவில்லை. நான் மட்டும்தான். சிரித்த முகம் ஹேப்பி, பிதுங்கிய உதடு சேட், உருட்டிய கண் ஆங்க்ரி. எல்லாம் செய்துகாட்டினேன்.

"நவ் யூ ஆஸ்க் மீ" என்றாள்.

"ஆர் யூ ஹேப்பி?"

"எஸ், ஐ ஆம் ஹேப்பி" என்று வர வேண்டும். பாடம் அப்படித்தான். அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் பல்லி நகர்ந்தது.

"நோ" என்றாள். "டுடே ஐ ஆம் சேட்."

"ஒய்?"

"ஐ வான்ட் மை ஹவுஸ். ஐ வான்ட் மை ரூம். ஐ வான்ட் ரசம்."

எனக்குப் புரிய வேண்டுமென்று சின்னச் சின்னதாகச் சொன்னாள். அன்று காலையில்தான் செல்வியிடம், "சூப்பரா இருக்கேம்மா" என்று சொல்லியிருந்தாள்.

நான் தமிழில் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். வகுப்பில் தமிழ் கூடாது. என்னிடம் இருந்த இங்கிலீஷைத் தேடி எடுத்தேன்.

"மீ ஆல்சோ சேட். டெய்லி ஐ சிட் யுவர் ரூம்."

அது உண்மை. கடையிலிருந்து வந்ததும் கொசுவலையைப் பார்க்கிற சாக்கில் அவள் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். செல்விக்குக்கூடத் தெரியாது.

என் வாக்கியத்தை அவள் திருத்தவில்லை. எப்போதும் திருத்துகிறவள்.

அதற்குப் பிறகு பாடம் முடிந்து கடைசியில் கொஞ்ச நேரம் இப்படிப் போகும். அவள் பிறந்தபோது தூக்கப் பயந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸைத் தேடி ஓடியதைச் சொன்னேன். என் அப்பா போனபிறகு யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருந்ததைச் சொன்னேன். எல்லாம் மூன்று சொல், நான்கு சொல். தமிழில் எனக்கு வார்த்தைகள் அதிகம். எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவேன். இங்கிலீஷில் இருந்ததே கொஞ்சம். இருந்ததை எடுத்து வைத்தேன்.

நேரில்

ஒரு வருஷம் முடிந்து வந்து இறங்கினாள். மணிக்கட்டு இரண்டிலும் வெள்ளை நூல், கங்கணம்போல அடுக்கடுக்காக. "ஊரே வாழ்த்திக் கட்டிவிட்டாங்கம்மா. அறுக்கக் கூடாதாம், அவிழ்க்கணுமாம்." செல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அம்மாவும் பெண்ணும் பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில்.

எனக்கு அவசரமில்லை. வீட்டுக்குத்தானே வருகிறாள் என்று இருந்தேன்.

மறுநாள் ஆறரை மணிக்குப் பழக்கதோஷத்தில் போனைக் கல்லாமேல் சாய்த்து வைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் இரண்டு தெரு தள்ளி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

"டீச்சர் வூட்டாண்ட வந்துட்ச்சே மச்சான், கிளாஸ் எப்போ?" என்றார் பாஷா.

"இனிமே கிளாஸ் இல்ல பாய்."

"அப்போ நாம பாஸா, ஃபெயிலா? அத்த யாரு சொல்றது?"

பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்தாள். சில நாள் நாவலூர், சில நாள் வீட்டிலிருந்தே வேலை, காதில் எந்நேரமும் போன் பேசுகிற அந்தக் குமிழ். ராத்திரி சாப்பாட்டில் பார்ப்போம். "சாப்டியா?" "சாப்டேன்பா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிடும்போது, மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "பவி, ஹவ் ஆர் யூ டுடே?"

செல்விக்குப் புரையேறிவிட்டது. "ஐயய்யோ, துரை இங்கிலீஷ் பேசறாரு! இருங்க, சட்னிய ஸ்பூன்ல போடறேன்."

பவித்ராவும் சிரித்தாள். கேலி இல்லை, பிரியமாகத்தான். "அப்பா, இப்பதான் நேர்ல இருக்கோமே. தமிழ்லயே கேளுங்கப்பா."

"ஒண்ணுமில்லம்மா" என்று தோசையைப் பிய்த்தேன்.

நேரில் இருந்ததுதான் கஷ்டமே. அதை எந்தப் பாஷையில் சொல்வது?

அதற்கப்புறம் ஆறரை மணி எனக்கு ஆகாத நேரமாகிவிட்டது. மேலே விமானம் சுற்றும்போது கை தானாகப் போனைத் தேடும். நான் பார்த்தேயிராத அந்த மலை ஊருக்காக ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தத் தவளைகள், அந்த இடிக்கும் சத்தம், பல்லி போன அந்தச் சுவர். நொய்க்கு இந்நேரம் பல் முளைத்திருக்குமே என்று ஒயர் அளந்துகொண்டிருக்கும்போது தோன்றும். என் பெண் வீட்டில் இருந்தாள். நான் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு தெரு தள்ளி

இது நடந்து அதிக நாளாகவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். பாஷா சீக்கிரமே சாத்திக்கொண்டு போய்விட்டார். ரோட்டில் தண்ணீர் ஓடியது, ஒரு ஆள் கடைக்கு வரவில்லை. பவித்ராவுக்கு அன்று வீட்டிலிருந்து வேலை. போனை எடுத்து அவள் பெயரை அழுத்தினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"என்னப்பா? சாவி மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"மழைல மாட்டிக்கிட்டீங்களா? குடை எடுத்துட்டு வரட்டா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன?"

வைத்துவிடுவாள் என்று பயந்து கேட்டேன்: "நொய்க்குப் பல்லு முளைச்சிடுச்சா?"

தமிழில்தான் கேட்டேன். கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், பால்கனிக் கதவு திறக்கும் சத்தம். இங்கே பெய்த அதே மழை அங்கேயும் கேட்டது.

"முளைச்சிடுச்சுப்பா. போன வாரம் போட்டோ அனுப்பினாங்க. பெரிசா, முயல் பல்லு மாதிரி. இப்ப வாயப் பொத்தறதே இல்ல." அப்படியே பேசிக்கொண்டு போனாள். தனக்குப் பதில் வேறு டீச்சர் வரவில்லை என்றாள். இரண்டு வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்களாம். புன்மி பாதி நாள் வருவதில்லையாம். "இங்க யார்கிட்டயும் இதப் பேச முடியலப்பா. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. ஆபீஸ்ல ட்ரிப் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க. ட்ரிப்பாம். உங்ககிட்ட சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவ கூடத்துக்கு வந்தேன். நீங்க நியூஸ் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"நான் பாக்கலம்மா. டிவி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பா, திரும்பக் கூப்பிடறாங்க. இந்தத் தடவ ரெண்டு வருஷம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?"

போகாதே என்றுதான் வாய்க்கு வந்தது. வாசலில் அவள் செருப்பு இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செல்வி என்ன பாடு படுவாள் என்பதும் தெரியும். கடைக்கு எதிரே ரோடு முழுக்கத் தண்ணீராகக் கிடந்தது. இரண்டு தெருவைத் தாண்டினால் என் பெண். ஆனால் அவள் குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

"கிளாஸ் எத்தன மணிக்கு வைப்ப?" என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சினாள். "அதே ஆறரைக்கேப்பா."

அவளுக்குப் பின்னால் செல்வியின் குரல். "யாருடி போன்ல, இவ்வளவு நேரமா?"

"அப்பாம்மா."

"அவரா? எதுக்காம்?"

"எதுக்கும் இல்லம்மா" என்றாள் பவித்ரா. "சும்மா பேசறார்."